பல்கலைக்கழகத் தாய் சி வகுப்பைத் தலைகீழாக்குவது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மெதுவான அசைவுகளாலான சீனத் தற்காப்புக் கலை தாய் சி. அதன் வகுப்பின் நேரக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். வகுப்பு 90 நிமிடம், மாணவர்கள் 30 பேர். உடலைத் தளர்த்த 15 நிமிடம் போகிறது. ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்ட, மாணவர்கள் பார்த்துச் செய்ய, பின்வரிசை 'இன்னொரு முறை' என்று கேட்க, மறுபடியும் காட்ட என 45 நிமிடம் கரைகிறது. மிச்சம் 30 நிமிடம். தலைக்கு ஒரு நிமிடம். கோணிய முழங்கால், தூக்கிய தோள், அடக்கிய மூச்சு எல்லாவற்றையும் ஆசிரியர் அந்த ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பருவ இறுதியில் மாணவர்களுக்கு அசைவுகளின் வரிசை மனப்பாடமாகியிருக்கும். தாய் சி வந்திருக்காது.

தலைகீழ் வகுப்பறை முறை இந்த 45 நிமிடத்தின் மீதுதான் கை வைக்கிறது. செய்துகாட்டும் வேலை வீடியோவாக வகுப்புக்கு முன்பே மாணவர் கைக்குப் போய்விடும். வகுப்பு நேரம் முழுவதும் திருத்தத்துக்கும் இணைப் பயிற்சிக்கும் கிடைக்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் வகுப்பறைப் பாடங்களுக்கு உருவான முறையை உடற்கலைக்கு அப்படியே தூக்கி வந்தால் சறுக்கும். எங்கே சறுக்கும், எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எது வீடியோவுக்கு, எது வகுப்புக்கு?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்களான ஜோனதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் 2007-இல் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வராத மாணவர்களுக்காக ஆரம்பித்த வேலை அது. பிறகு எல்லோருக்குமான முறையாக வளர்ந்தது. அதற்கும் முன்னால், 1990-களிலேயே, ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் மாணவர்களை முன்கூட்டியே படித்து வரச் சொல்லி, வகுப்பில் ஒருவருக்கொருவர் விளக்க வைத்தார். இவர்கள் கையாண்ட பாடங்களில் விளக்கத்தைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. தாய் சியில் விளக்கத்தை நூறு முறை கேட்டாலும் கால் கேட்காது.

உடல்திறன் கற்றலை மூன்று கட்டங்களாக உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் பிரித்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்வது முதல் கட்டம். பிழைகளைக் குறைத்து அசைவைச் சீராக்குவது இரண்டாவது. யோசிக்காமலே உடல் செய்வது மூன்றாவது. வீடியோ வலுவாக உதவுவது முதல் கட்டத்தில் மட்டும்தான். இரண்டாவதற்கு இன்னொருவரின் கண்ணும் கையும் வேண்டும். மூன்றாவதற்கு நாள்கணக்கான தனிப்பயிற்சி வேண்டும்.

ஆகவே பாடப்பொருளின் ஒவ்வொரு துண்டையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இதைக் கண்ணால் மட்டும் கற்க முடியுமா? அசைவுகளின் வரிசை, கையின் பாதை, காலடியின் திசை, அசைவின் பெயர், கலையின் வரலாறு ஆகியவற்றுக்கு 'முடியும்' என்பதே பதில். அவை வீடியோவுக்குப் போகட்டும். எடை எந்தக் காலில் எவ்வளவு, இடுப்பு திறந்திருக்கிறதா, தோள் உண்மையிலேயே தளர்ந்திருக்கிறதா, எதிராளி தள்ளும்போது என்ன ஆகிறது என்பவற்றுக்கு 'முடியாது'. இவற்றை வகுப்புக்கென்று காப்பாற்றி வையுங்கள். இந்தக் கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதியெல்லாம் ஏற்பாட்டு வேலைதான். நான் பார்த்தவரை, தோற்றுப்போகும் முயற்சிகளில் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றைச் செய்கின்றன: எல்லாவற்றையும் வீடியோவில் திணிக்கின்றன, அல்லது வீடியோவில் காட்டியதையே வகுப்பிலும் திரும்பக் காட்டுகின்றன.

படி 2: பருவத்தைப் பிரித்தல்

சீனப் பல்கலைக்கழகங்களில் பரவலாகக் கற்பிக்கப்படுவது 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவம். சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியின் கிளைகளில் ஒன்றான யாங் மரபை அடிப்படையாக வைத்து 1956-இல் தொகுத்தது அது. சீனாவுக்கு வெளியிலும் தொடக்கநிலை மாணவர்களுக்கு இதுவே பொருத்தம். மரபான நீண்ட வடிவங்களை ஒரு பருவத்துக்குள் அடக்க முயன்றால் அவசரம்தான் மிஞ்சும்.

சீனக் கல்வி அமைச்சகத்தின் 2002-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், முதல் இரண்டு ஆண்டுகளில் உடற்கல்வியைக் கட்டாயமாக்கி, நான்கு பருவங்களுக்கு 144 பாடவேளைகளை ஒதுக்குகின்றன. வகுப்புக்கு ஏறத்தாழ 30 மாணவர்கள் இருப்பது ஏற்றது என்கின்றன. அதாவது பருவத்துக்கு 36 பாடவேளை. வாரத்துக்கு இரண்டு வேளையைச் சேர்த்து ஒரு வகுப்பாக வைத்தால் 18 வாரம். உங்கள் பல்கலைக்கழகத்தில் வாரங்கள் குறைவாக இருந்தால் அதற்கேற்பச் சுருக்குங்கள்; விகிதம் மாறாமல் இருந்தால் போதும்.

24 அசைவுகளை எட்டுத் தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது தவறு. நான் பிரிப்பது இப்படி:

முதல் இரண்டு வாரம்: தலைகீழ் முறையே வேண்டாம். நிற்பது, நடப்பது, வில் நிலை (முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடை முன்னால்), வெற்று நிலை (எடை பின்காலில், முன்கால் லேசாகத் தரையில்), வீடியோவை எப்படிப் பார்ப்பது. இவ்வளவுதான்.

3 முதல் 13-ஆம் வாரம் வரை: எட்டுத் தொகுதிகள். இரண்டாம், மூன்றாம், ஆறாம் தொகுதிகளுக்கு இரண்டிரண்டு வாரம். மற்றவற்றுக்கு ஒவ்வொரு வாரம்.

14 முதல் 16 வரை: முழு வடிவத்தை இணைத்தல், இருவர் கையோடு கை ஒட்டிச் செய்யும் துய் ஷோ பயிற்சியின் தொடக்கப் பாடங்கள்.

கடைசி இரண்டு வாரம்: மதிப்பீடு.

இரண்டாம் தொகுதியில் 'குரங்கை விரட்டுதல்' வருகிறது. பின்னோக்கி நடப்பது அங்கேதான் முதன்முறை. உடல் பயப்படும், நேரம் எடுக்கும். மூன்றாவதில் 'குருவியின் வாலைப் பிடித்தல்' இடமும் வலமுமாக இரண்டு முறை. ஏந்துதல், இழுத்தல், அழுத்துதல், தள்ளுதல் என்ற நான்கு அடிப்படை விசைகளும் அந்த ஒரே அசைவுக்குள் இருக்கின்றன. ஆறாவதில் தாழ்ந்து இறங்கி ஒற்றைக்காலில் எழ வேண்டும். அதன் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரத்தைத் தவிர்க்க ஆசை வரும். தவிர்க்காதீர்கள். வில் நிலை தெரியாத மாணவர் வீடியோவைப் பார்த்துத் தனியாகப் பயின்றால், பிழையைத்தான் செம்மையாகப் பயின்று வருவார். அதை அழித்து எழுத நான்கு வாரம் ஆகும்.

படி 3: வீடியோ தயாரித்தல்

கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கைபேசி, ஒரு முக்காலி, வெளிச்சம் இருந்தால் போதும். உடையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். தொளதொளப்பான பட்டு உடை பார்க்க அழகு. ஆனால் முழங்கால் எங்கே இருக்கிறது என்பதை அது மறைத்துவிடும். பாடம் எடுக்கும் வீடியோவில் உடலோடு ஒட்டிய கால்சட்டை அணியுங்கள். தரையின் நிறமும் காலணியின் நிறமும் வேறாக இருக்கட்டும். பட்டு உடையை விழா நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீளம்: எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்துப் பாடங்களில் பல லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோக்களே மாணவர் கவனத்தைப் பிடித்து நிறுத்துகின்றன என்று கண்டது. தாய் சிக்கு இது இன்னும் பொருந்தும்; ஒரே இடத்தை மாணவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அசைவுக்கு ஒரு வீடியோ என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

அதற்குள் என்ன இருக்க வேண்டும்? தொடக்கத்தில் அசைவு முழுவதையும் இயல்பான வேகத்தில், பேச்சில்லாமல் ஒரு முறை. பிறகு கால் மட்டும். பிறகு கை மட்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மெதுவாக, குறிப்புச் சொற்களோடு. கடைசியில் ஒரே ஒரு பொதுவான பிழை. ஐந்து பிழைகளைக் காட்டினால் மாணவர் மனத்தில் பிழைகள்தான் பதியும்.

கோணம் அடுத்த சிக்கல். ஆசிரியர் கேமராவைப் பார்த்து நின்றால் அவருடைய இடது, பார்ப்பவருக்கு வலப்பக்கம் தெரியும். ஆகையால் முதன்மைக் காட்சியை முதுகுப்பக்கமிருந்து எடுங்கள். மாணவர் உங்கள் பின்னால் நிற்பதுபோல் அப்படியே பின்தொடரலாம். முன்பக்கக் காட்சியும் வேண்டும் என்றால் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கொடுங்கள். அப்போது 'வலக்கை' என்று நீங்கள் சொல்லும்போது பார்ப்பவரின் வலப்பக்கத்துக் கையே திரையில் தூக்கும் என்பதால், குரலை மாற்ற வேண்டியிருக்காது.

பலர் யோசிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. 24 அசைவு வடிவத்தில் உடல் திரும்பும். எட்டாவது அசைவில் எதிர்த்திசைக்கு, பதினைந்தாவதில் உதைக்காகச் சுழன்று, இருபத்தொன்றாவதில் மறுபடியும். திரும்பிய நொடியில் மாணவருக்குத் திரை மறைந்துபோகும், அவர் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்ப்பார், அசைவு உடையும். இதற்குத் தீர்வு ஒலிக்கோப்பு. ஒவ்வொரு தொகுதிக்கும் குரல் குறிப்புகள் மட்டும் கொண்ட ஒலிப்பதிவைத் தனியாகக் கொடுங்கள். முதலில் வீடியோவைப் பார்த்துவிட்டு, பயிற்சியின்போது திரையை அணைத்து ஒலியை மட்டும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வீடியோவைவிட இந்த ஒலிக்கோப்புதான் அதிகம் பயன்படும். இடமில்லாத விடுதி அறையிலும், கைபேசியை நிறுத்திவைக்க வழியில்லாத திறந்த வெளியிலும் அதுதான் கைகொடுக்கும்.

குறிப்புச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. உடல் உறுப்பின் மீது கவனத்தை வைப்பதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின் மீது கவனத்தை வைத்தால் கற்றல் மேம்படுகிறது என்று உடல்திறன் கற்றல் ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃபும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1998 முதல் தொடர்ந்து காட்டிவந்திருக்கிறார்கள். 'தொடையை இறுக்கு' என்பதற்குப் பதில் 'தரையைத் தள்ளு'. 'மணிக்கட்டைத் திருப்பு' என்பதற்குப் பதில் 'முன்னால் இருக்கும் கதவைத் திற'. அசைவுக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம்.

இனிப் பாதுகாப்பு. மாணவர் தனியாக, உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பயிலப்போகிறார். ஒவ்வொரு தொகுதியின் முதல் வீடியோவிலும் இதைச் சொல்லிவிடுங்கள்: முன்முழங்கால் கால்விரலைத் தாண்டக்கூடாது, விரல் காட்டும் திசையையே முழங்காலும் காட்ட வேண்டும், வழுக்கும் தரையிலும் நகரும் விரிப்பின் மீதும் பயிலக்கூடாது, உதையை இடுப்புயரத்துக்குமேல் தூக்க முயலக்கூடாது. ஆறாம் தொகுதியில் உடல் ஒரு காலின் மீது தாழ இறங்கும். அந்த வீடியோவில் மட்டும் 'பாருங்கள், செய்யாதீர்கள்' என்று எழுதியே போடுங்கள். முதல் முறை இறங்குவது வகுப்பில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

வரலாற்றுக்கு ஒரே ஒரு வீடியோ போதும். சீனாவின் ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமம், தாய் சியைத் தொடங்கியவராகக் கருதப்படும் 17-ஆம் நூற்றாண்டின் சென் வாங்டிங், பிறகு பிரிந்த யாங் முதலிய மரபுகள், 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தாய் சி இடம்பெற்றது. தாய் சியைத் துறவி ஜாங் சான்ஃபெங் உருவாக்கினார் என்ற கதையைச் சேர்ப்பதானால் கதை என்று சொல்லியே சேருங்கள். பல்கலைக்கழக மாணவருக்குத் தொன்மத்தை வரலாறாக விற்கக்கூடாது.

படி 4: வகுப்புக்கு முந்தைய வேலை

'வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்பது வேலையாகாது. யார் பார்த்தார்கள் என்று தளம் காட்டும் எண்ணிக்கையை நம்பவும் முடியாது; வீடியோவை ஓடவிட்டுக் குளிக்கப் போகலாம். பார்த்தால்தான் செய்ய முடியும் என்கிற சிறிய வேலையாகக் கொடுங்கள்.

மூன்று கேள்வி போதும். ஒன்று வரிசையைப் பற்றி: 'மேகக் கைகளுக்கு முன்பும் பின்பும் வரும் அசைவு எது?' (இரண்டுக்கும் விடை ஒற்றைச் சாட்டை, வீடியோவைத் தாவித் தாவிப் பார்த்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.) ஒன்று எடையைப் பற்றி: வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்திய படத்தைக் கொடுத்து, 'இந்த நொடியில் எடை எந்தக் காலில்?' மூன்றாவது திறந்த கேள்வி: 'எந்த இடத்தில் உங்கள் உடல் குழம்பியது?' மூன்றாவதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் உங்களுக்கு அதுதான் தங்கம். இருபது பேர் ஒரே இடத்தைக் குறிப்பிட்டால் மறுநாள் வகுப்பின் தொடக்கம் எழுதப்பட்டுவிட்டது.

கேள்விகளோடு, தான் செய்வதைக் கைபேசியில் எடுத்த அரை நிமிட வீடியோவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். வாராவாரம் கேட்டால் முப்பது வீடியோவைப் பார்க்க உங்களுக்கும் முடியாது, எடுக்க அவர்களுக்கும் பொறுமை இருக்காது.

தளம் எதுவானாலும் சரி. சீனப் பல்கலைக்கழகங்களில் 2016-இல் வந்த ரெயின் கிளாஸ்ரூமும் சாவோஷிங் நிறுவனத்தின் செயலியும் பரவலாக இருக்கின்றன. மற்ற இடங்களில் மூடுல், கூகுள் கிளாஸ்ரூம். மாணவர்கள் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் செயலியே நல்ல செயலி. விடை அனுப்பக் கடைசி நேரம் முந்தைய நாள் மாலையாக இருக்கட்டும். வகுப்புக்கு அரை மணிக்கு முன் வரும் விடைகளைப் படித்து நீங்கள் எதையும் மாற்ற முடியாது. வாரத்துக்கு மொத்த வேலை அரை மணியைத் தாண்டக்கூடாது. உடற்கல்விப் பாடம் மாணவரின் மற்ற பாடங்களோடு நேரத்துக்குப் போட்டி போட்டால் தோற்பது உடற்கல்விதான்.

படி 5: அந்த 90 நிமிடம்

முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தை நான் இப்படிப் பங்கிடுவேன்: தளர்த்தலும் அசையாமல் நிற்கும் ஜான் ஜுவாங் பயிற்சியும் 10 நிமிடம்; மாணவர்கள் தாமே செய்துகாட்டுதல் 8; அன்றைய ஒரே சிக்கல் 12; மூவர் குழுப் பயிற்சி 25; ஆசிரியரோடு சிறு குழுத் திருத்தம் 20; எல்லோரும் சேர்ந்து கற்ற அசைவுகளைத் தொடர்ச்சியாகச் செய்தல் 10; முடிப்பு 5.

அந்த எட்டு நிமிடம் ஆசிரியருக்குத்தான் கடினம். மாணவர்கள் வீடியோவில் கற்றதை ஆசிரியர் துணையில்லாமல் செய்வார்கள். தடுமாறுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் மூலையில் நின்று பேசாமல் பார்க்க வேண்டும். முன்னால் போய்ச் செய்துகாட்டக் கால் துடிக்கும். அன்று செய்துகாட்டிவிட்டால், அடுத்த வாரம் வீடியோவை யாரும் பார்க்க மாட்டார்கள். 'எப்படியும் வகுப்பில் காட்டுவார்' என்பது வகுப்பு முழுவதும் பரவிவிடும்.

சுவர்க்கண்ணாடி இருக்கும் அறையில் வகுப்பு நடந்தால் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். கண்ணாடி இருந்தால் மாணவர்கள் பாதத்தைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள்.

அடுத்த 12 நிமிடம், ஒரே சிக்கலுக்கு. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். பாடம் 'முழங்காலைத் தடவித் தள்ளுதல்'. ஒரு கை முழங்காலின் முன்னால் தாழ்ந்து விலக்கும்; மறு கை காதோரமிருந்து முன்னால் தள்ளும்; கால் வில் நிலைக்கு வரும். வீடியோவைப் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கைப்பாதை சரியாக இருக்கும். ஆனால் ஆடுவார்கள். காரணம் கீழே. இரண்டு குதிகாலையும் ஒரே கோட்டில் வைத்திருப்பார்கள், கயிற்றின் மீது நடப்பவரைப்போல. இந்த அசைவில் இரண்டு குதிகாலுக்கும் இடையே பக்கவாட்டில் ஏறத்தாழ 30 செ.மீ. இருக்க வேண்டும். வாயால் சொன்னால் பத்து பேருக்குப் புரியும். தரையில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு நீளமான ஒட்டுநாடாவை ஒட்டி, இடப்பாதம் இந்தக் கோடு, வலப்பாதம் அந்தக் கோடு என்று நடக்க வைத்தால் முப்பது பேருக்கும் புரியும். அடுத்த வாரம் 'குருவியின் வால்' வரும்போது அதே இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, நாடாவை நகர்த்திவிடுங்கள். ஏன் இங்கே அகலம், அங்கே குறுக்கம் என்று மாணவரே கேட்பார். விசை போகும் திசையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

அதே அசைவின் இரண்டாவது பிழை, கை முதலில் போய்ச் சேர்ந்து நிற்பதும் கால் பிறகு வருவதும். யாங் மரபின் ஆசான் யாங் செங்ஃபூ வகுத்த பத்து அடிப்படைகளில் 'மேலும் கீழும் ஒன்றையொன்று தொடர வேண்டும்' என்பது ஒன்று. இதை உணர்த்த இணை வேண்டும். ஒருவர் மெதுவாக உதைப்பதுபோல் காலை நீட்ட, மற்றவர் அதைத் தடவி விலக்கி, எடையை முன்னால் கொண்டுவந்து அவர் தோளில் உள்ளங்கையை வைக்கட்டும். எடை வராமல் கை மட்டும் போனால் தள்ளலில் ஒன்றும் இருக்காது, தள்ளப்பட்டவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஆசிரியரின் பத்து நிமிட விளக்கத்துக்குச் சமம்.

பிறகு மூவர் குழு. ஒருவர் செய்வார். ஒருவர் பாதத்தையும் முழங்காலையும் மட்டும் பார்ப்பார். ஒருவர் கைபேசியில் எடுப்பார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பார்ப்பவர் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். அதில் ஒரே ஒரு கேள்வி. 'எடை மாறும்போது தலை மேலும் கீழும் போகிறதா?' அவ்வளவுதான். பத்து அம்சங்களை அடுக்கிய சரிபார்ப்புத் தாளைக் கொடுத்தால் மாணவர்கள் தாளைப் பார்ப்பார்கள், நண்பரைப் பார்க்க மாட்டார்கள்.

எல்லா மாணவருக்கும் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய சோதனைகள் சில உண்டு. 'வெண்கொக்கு சிறகு விரித்தல்' வெற்று நிலையில் முடியும். உடலை அசைக்காமல் முன்பாதத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க முடிந்தால் எடை பின்காலில்தான் இருக்கிறது. 'மேகக் கைகள்' நடுவில் குழுவில் ஒருவர் திடீரென்று 'நில்' என்று சொல்லி, 'இப்போது எந்தக் காலைத் தூக்கலாம்?' என்று கேட்கட்டும். இரண்டையும் தூக்க முடியவில்லை என்றால் எடை நடுவில் சிக்கியிருக்கிறது. வில் நிலையில் நிற்பவரின் உள்ளங்கையில் மெல்ல அழுத்தம் கொடுத்து, அது தரை வரை இறங்குகிறதா அல்லது தோளிலேயே தேங்குகிறதா என்று பாருங்கள். இவை எவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை.

தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். மாணவர் மாணவரைத் தொடுவதற்கும் ஆசிரியர் தொடுவதற்கும் இதே விதி. முதல் வாரத்திலேயே அறிவித்துவிடுங்கள். தொடவேண்டாம் என்பவர்களுக்குச் சுவரையோ கம்பையோ பயன்படுத்தும் மாற்று வழி இருக்கட்டும். கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

குழுக்கள் பயிலும்போது நீங்கள் ஆறாறு பேராக அழைத்துத் திருத்துகிறீர்கள். 20 நிமிடத்தில் இரண்டு குழு, அதாவது பன்னிரண்டு பேர். மூன்று வாரத்துக்குள் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அவசரமற்ற ஒன்றரை நிமிடத் தனிக் கவனம், கூடவே மற்ற ஐந்து பேருக்கான திருத்தத்தையும் பார்க்கும் வாய்ப்பு.

அங்கே அதிகமாகத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் கருத்துச் சொன்னால் மாணவர் அந்தக் கருத்தையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வார், அது இல்லாதபோது தடுமாறுவார் என்ற கருத்தை ஆய்வாளர்கள் சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் 1984-இல் முன்வைத்தார்கள். மூன்று நான்கு முறை செய்யவிடுங்கள். 'எங்கே சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது?' என்று முதலில் அவரைக் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு நீங்கள் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

படி 6: பார்க்காமல் வந்தவர்களை என்ன செய்வது?

ஒவ்வொரு வாரமும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக வகுப்பை நிறுத்தி மறுபடியும் கற்பிக்கக்கூடாது. பார்த்து வந்தவர்களுக்கு அது தண்டனை. அறையின் ஒரு மூலையில் வீடியோ ஓடும் கருவி ஒன்றை வையுங்கள். பார்க்காதவர் முதல் பத்து நிமிடம் தளர்த்தலுக்குப் பதில் அங்கே பார்த்துவிட்டு, தானே உடலைத் தளர்த்திக்கொண்டு குழுவில் சேரட்டும். திட்டவும் வேண்டாம், தண்டால் எடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

ஒருவரே மூன்றாவது வாரமும் மூலையில் நின்றால் காரணத்தைக் கேளுங்கள். சோம்பல் என்று முடிவுகட்டுவது எளிது. இணையக் கட்டணம், நெரிசலான விடுதி அறை, மற்றவர் முன் பயிலக் கூச்சம் என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். வீடியோவைத் தரவிறக்கும் வசதி, படங்களாலான ஒரு பக்கத் தாள், உடற்பயிற்சிக் கூடத்தை மாலையில் அரை மணி திறந்து வைப்பது ஆகியவற்றால் இந்தக் காரணங்களில் பலவும் தீரும்.

படி 7: மதிப்பெண்

பழைய முறையில் இறுதி நாளில் முழு வடிவத்தையும் செய்துகாட்டினால் மதிப்பெண். வரிசையை மறக்காதவருக்கு அது சாதகம். தலைகீழ் முறையில் வரிசையைக் கற்பிப்பது வீடியோவின் வேலை. ஆகையால் அதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை. நான் பரிந்துரைக்கும் பங்கீடு: முன்வேலை 20, முழு வடிவம் 40, முன்னேற்றம் 20, பிறரைத் திருத்தும் திறன் 20.

முழு வடிவத்துக்கான நாற்பதில் வரிசைக்குப் பத்து. மீதி முப்பதை எடை மாற்றம், நேரான உடற்பகுதி, அறுபடாத ஓட்டம் ஆகியவற்றுக்குச் சமமாகப் பிரியுங்கள். முன்னேற்றத்துக்கு நான்காம் வார வீடியோவையும் பதினாறாம் வார வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நடனமோ தற்காப்புக் கலையோ தெரிந்தவரும், உடல் ஒத்துழைக்காத மாணவரும் ஒரே வகுப்பில் இருக்கும்போது, பின்னவரின் உழைப்புக்கு மதிப்பு கிடைப்பது இந்த இருபதில்தான்.

பிறரைத் திருத்தும் திறனை அளக்க, வேண்டுமென்றே ஒரு பிழையோடு நீங்களே ஓர் அசைவைச் செய்துகாட்டுங்கள். மாணவர் பிழையைக் கண்டுபிடித்து, ஒரே வாக்கியத்தில் திருத்தம் சொல்ல வேண்டும். ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடிப்பதில் மாணவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே!

மாணவர் வீடியோக்களை யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதை முதல் வாரத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பருவம் முடிந்ததும் சொன்னபடி அழித்துவிடுங்கள்.

படி 8: பலன் இருக்கிறதா என்று பார்த்தல்

மாணவர்களிடம் 'பிடித்திருந்ததா?' என்று படிவம் கொடுத்தால் பெரும்பாலும் 'ஆம்' என்று வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதைவிட உண்மை பேசும் அளவுகோல்கள் இரண்டு. ஒரு வகுப்பை முழுவதும் ஒலிப்பதிவு செய்து, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று எண்ணுங்கள். பாதி நேரத்துக்கு மேல் உங்கள் குரல் கேட்டால் வகுப்பு இன்னும் தலைகீழாகவில்லை. அடுத்தது, விடுமுறையோ தேர்வோ முடிந்து திரும்பும் முதல் வகுப்பில் எச்சரிக்கை இல்லாமல் ஒரு தொகுதியைச் செய்யச் சொல்வது. பயிற்சி முடிந்த உடனே தெரிவது அன்றைய செயல்திறன். இடைவெளிக்குப் பிறகும் எஞ்சுவதே கற்றல்.

முதன்முறை முயல்பவருக்கு

எட்டுத் தொகுதிகளுக்கும் வீடியோ எடுத்து முடித்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். இந்தப் பருவத்தில் நான்காம் தொகுதியை மட்டும் தலைகீழாக்கிப் பாருங்கள். ஒற்றைச் சாட்டை, மேகக் கைகள், மறுபடியும் ஒற்றைச் சாட்டை. கற்க வேண்டியது இரண்டே அசைவு என்பதால் இரண்டு வீடியோவும் ஓர் ஒலிக்கோப்பும் போதும். உதை இல்லை, தாழ்ந்து இறங்குவதும் இல்லை, தனியாகப் பயின்றாலும் ஆபத்து குறைவு. மேகக் கைகளில் ஒரே அசைவு பக்கவாட்டில் திரும்பத் திரும்ப வருவதால் மூவர் குழுவில் பார்ப்பவருக்குப் பிழையைப் பிடிக்க நேரம் கிடைக்கும். சீட்டில் எழுத வேண்டிய கேள்வி: 'கை மட்டும் நகர்கிறதா, இடுப்பும் சேர்ந்து திரும்புகிறதா?' அந்த வாரத்துக்கு முந்தைய வகுப்பிலேயே முன்வேலையை மாணவர்கள் கைபேசியில் திறந்து பார்க்கச் சொல்லி, எல்லோருக்கும் திறக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.